மஸ்கிட்டோ எம்க்யூடிடி புரோக்கர்: நிறுவுவது முதல் மின்வெட்டு வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெபியன், உபுண்டு, ராஸ்பெர்ரி பை ஆகியவற்றில் மஸ்கிட்டோவின் 2.0 வரிசைப் பதிப்பை நடத்துபவர்களுக்காக இது எழுதப்பட்டது. கட்டளைகளையும் கன்ஃபிக் வரிகளையும் ஒலிப்பில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், அடிக்கோடு இருக்கும் இடத்தில் அடிக்கோட்டோடு தட்டுங்கள்.

புரோக்கர் என்பது உண்மையில் என்ன செய்கிறது?

நிரல்கள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசாமல் நடுவில் இருக்கும் ஒரு சர்வர் வழியாகப் பேசுகின்றன. அந்த நடு சர்வர்தான் புரோக்கர். வெப்பமானி வைத்த ஒரு இஎஸ்பி32 பலகை (வைஃபை உள்ள சிறு மைக்ரோகன்ட்ரோலர்), "வீடு/மாடி/வெப்பம்" என்ற டாபிக்கில், அதாவது செய்திக்கு வைத்த தலைப்பில், 31.5 என்று பப்ளிஷ் செய்கிறது. அந்த டாபிக்கை சப்ஸ்கிரைப் செய்திருக்கும் கைபேசி செயலி, பைத்தான் ஸ்கிரிப்ட், ஹோம் அசிஸ்டென்ட் எல்லாவற்றுக்கும் புரோக்கர் அதை அனுப்பிவிடுகிறது. அனுப்புபவருக்குப் பெறுபவரின் ஐபி முகவரி தெரிய வேண்டியதில்லை. எத்தனை பேர் பெறுகிறார்கள் என்பதும் தெரிய வேண்டியதில்லை.

எம்க்யூடிடி நெறிமுறையை 1999இல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் வடிவமைத்தார்கள். எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் இணைப்பு வழியாகக் கண்காணிப்பதுதான் அன்றைய தேவை. ஒவ்வொரு பைட்டுக்கும் காசு, இணைப்பும் அடிக்கடி அறுந்துபோகும். அதனால்தான் இதன் தலைப்பகுதி வெறும் 2 பைட்டில் தொடங்குகிறது; அறுந்த இணைப்பைச் சமாளிக்கும் வழிகள் நெறிமுறைக்குள்ளேயே இருக்கின்றன. மஸ்கிட்டோ, ரோஜர் லைட் தொடங்கிய திறமூல புரோக்கர். இப்போது எக்லிப்ஸ் அறக்கட்டளையின் கீழ் இருக்கிறது.

நிறுவிவிட்டேன், அதே கணினியில் வேலை செய்கிறது. வேறு கணினியிலிருந்து "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்" வருகிறதே?

2020 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பிலிருந்து இப்படித்தான். கன்ஃபிக்கில் லிசனர் (எந்தப் போர்ட்டில் இணைப்புக்குக் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் வரி) எதுவும் எழுதவில்லை என்றால் மஸ்கிட்டோ 127.0.0.1 முகவரியில் மட்டும் காது கொடுக்கும். இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் பல 1.x பதிப்புக்கு எழுதியவை. அவற்றில் இந்த ஒரு படி இருக்காது.

எட்சி/மஸ்கிட்டோ/கான்ஃப்.டி (/etc/mosquitto/conf.d) கோப்புறைக்குள் ஒரு புதிய கோப்பு உருவாக்குங்கள். அதன் பெயர் .கான்ஃப் என்று முடிய வேண்டும். இல்லையென்றால் மஸ்கிட்டோ அதைப் படிக்காது. அதில் மூன்று வரிகள் போதும்:

லிசனர் 1883
அலோ_அனானிமஸ் ஃபால்ஸ்
பாஸ்வேர்ட்_ஃபைல் /எட்சி/மஸ்கிட்டோ/பாஸ்வேர்ட்

பிறகு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரீலோட் போதாது, லிசனர் வரிகள் ரீலோடில் மாறுவதில்லை. "எஸ்எஸ் -எல்டிஎன்பி" (ss -ltnp) கட்டளையில் 1883க்கு நேரே 0.0.0.0 தெரிந்தால் வெளியே திறந்திருக்கிறது. 127.0.0.1 தெரிந்தால் நீங்கள் எழுதிய கோப்பையே அது படிக்கவில்லை.

லிசனர் வரியில் போர்ட்டுக்குப் பிறகு 192.168.1.10 போல ஒரு முகவரியையும் சேர்த்து எழுதினால் இன்னொரு தொல்லை வரும். கணினி பூட் ஆகும்போது வைஃபை அந்த முகவரியை வாங்குவதற்கு முன்பே மஸ்கிட்டோ எழுந்துவிட்டால், அந்த முகவரியைப் பிடிக்க முடியாமல் விழுந்துவிடும். கையால் ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும், மறு பூட்டில் மீண்டும் விழும். முகவரியை எடுத்துவிட்டு ஃபயர்வாலில் கட்டுப்படுத்துவது எளிது.

டாக்கர் இமேஜில் ஓட்டுபவர்களுக்கும் இதே சிக்கல்தான். கன்டெய்னருக்குள் இருக்கும் 127.0.0.1இல் மட்டும் அது காது கொடுப்பதால், போர்ட்டை வெளியே எடுத்து வைத்தாலும் பலன் இல்லை. உங்கள் கன்ஃபிக் கோப்பை உள்ளே மவுன்ட் செய்யுங்கள்.

"அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்" என்று நின்றுவிடுகிறது.

டெபியன் வகைகளில் பேக்கேஜை நிறுவிய உடனேயே சர்வீஸ் ஓடத் தொடங்கிவிடும். அதன்மேல் நீங்கள் டெர்மினலில் "மஸ்கிட்டோ" என்று தட்டினால் இரண்டாவது புரோக்கருக்குப் போர்ட் கிடைக்காது. முன்னணியில் ஓட்டிப் பார்க்க வேண்டுமானால் முதலில் சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் கொடுங்கள்.

"டூப்ளிகேட் பெர்சிஸ்டன்ஸ்_லொகேஷன்" என்று பிழை வருகிறது.

டெபியனின் முதன்மைக் கன்ஃபிக் கோப்பில் அந்த வரி ஏற்கெனவே இருக்கிறது. எங்கோ பார்த்த முழுக் கன்ஃபிக்கையும் கான்ஃப்.டிக்குள் ஒட்டியிருப்பீர்கள். இரண்டில் ஒன்றை நீக்குங்கள்.

பயனர்களைச் சேர்ப்பது எப்படி? புதிதாக ஒருவரைச் சேர்த்ததும் பழையவர்கள் எல்லாரும் காணாமல் போனார்கள்.

மஸ்கிட்டோ_பாஸ்டபிள்யூடி (mosquitto_passwd) கருவியில் -சி ஆப்ஷன் கோப்பைப் புதிதாக உருவாக்கும். ஏற்கெனவே இருந்தால் அழித்துவிட்டு உருவாக்கும். முதல் பயனருக்கு மட்டும் -சி போடுங்கள். அடுத்தவர்களுக்குக் கோப்பின் பெயரும் பயனர் பெயரும் போதும். -பி (b) ஆப்ஷனால் கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே தரலாம், ஆனால் அது ஷெல்லின் ஹிஸ்டரியில் அப்படியே தங்கிவிடும்.

கோப்பைச் சூடோ போட்டு உருவாக்கியிருந்தால் அதன் உரிமையாளர் ரூட். மஸ்கிட்டோ ஓடுவது "மஸ்கிட்டோ" என்ற பயனரின் பெயரில். படிக்க அனுமதி இல்லையென்றால் சர்வீஸ் எழாது. சோன் (chown) கட்டளையால் உரிமையை மாற்றி, அனுமதியை 600 ஆக வையுங்கள். கடைசியாக சிஸ்டம்சிடிஎல் ரீலோட். இதைச் செய்யாதவரை புதிய பயனரைப் புரோக்கருக்குத் தெரியாது.

சோதிக்கும்போது இன்னொன்று கவனியுங்கள். மஸ்கிட்டோ_சப், மஸ்கிட்டோ_பப் இரண்டிலும் சிறிய எழுத்து பி (p) போர்ட்டுக்கு, பெரிய எழுத்து பி (P) கடவுச்சொல்லுக்கு. மாற்றிப் போட்டுவிட்டு அரை மணி நேரம் தேடுவது சகஜம். டாபிக்கில் # அல்லது $ குறி வந்தால் ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். மேற்கோள் இல்லாமல் ஒரு சொல் # என்று தொடங்கினால் அதற்குப் பிந்தையதை ஷெல் குறிப்பாக எடுத்துக்கொண்டு தள்ளிவிடும். இரட்டை மேற்கோளுக்குள் $ வந்தால் அதை மாறியாக நினைத்து வெறுமையாக்கிவிடும்.

இணைப்பு மறுக்கப்படும்போது வரும் எண்களுக்கு என்ன பொருள்?

எம்க்யூடிடி நெறிமுறையின் 3.1.1 பதிப்பில் 1 என்றால் நெறிமுறைப் பதிப்பு பொருந்தவில்லை. 2 கிளையன்ட் ஐடி (இணையும் கருவியோ நிரலோ தன்னை அடையாளம் சொல்லும் பெயர்) ஏற்கப்படவில்லை, 3 சேவை கிடைக்கவில்லை. 4 பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு, 5 அனுமதி இல்லை. ஆர்டுயினோவின் பப்சப்கிளையன்ட் நூலகத்தில் -2 வந்தால் புரோக்கர்வரை போய்ச் சேரவே இல்லை என்று பொருள். அப்போது கடவுச்சொல்லைத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள். ஐபி முகவரி, போர்ட், ஃபயர்வால் இந்த மூன்றையும் பாருங்கள்.

ஏசிஎல் கோப்பு (யார் எந்த டாபிக்கைப் படிக்கலாம், எழுதலாம் என்ற பட்டியல்) போட்டபின் செய்திகள் வருவதில்லை, பிழையும் காட்டுவதில்லை. ஏன்?

மஸ்கிட்டோவில் பலரைச் சுற்றவிடுவது இந்த மௌனம்தான். ஏசிஎல்_ஃபைல் என்ற வரியைச் சேர்த்த கணத்திலிருந்து, அந்தக் கோப்பில் அனுமதி இல்லாத டாபிக் எல்லாம் தடைதான். ஆனால் தடை இருக்கிறது என்று கிளையன்ட்டுக்குச் சொல்லப்படாது. 3.1.1இல் பப்ளிஷை மறுக்கத் தனிப் பதில் கிடையாது. க்யூஓஎஸ் 1இல் (க்யூஓஎஸ் என்பது செய்தி போய்ச் சேர்வதற்கான உறுதியின் அளவு, கீழே விளக்கியிருக்கிறோம்) அனுப்பினாலும் புரோக்கர் "பெற்றுக்கொண்டேன்" என்று ஒப்புகை தந்துவிட்டுச் செய்தியைத் தூக்கிப் போட்டுவிடும். சப்ஸ்கிரைப்பும் அப்படியே. கோப்பு வழி ஏசிஎல்லில் சப்ஸ்கிரிப்ஷன் ஏற்கப்பட்டதாகவே பதில் வரும், செய்தி மட்டும் வந்து சேராது. கிளையன்ட் பக்கம் எவ்வளவு தேடினாலும் தடயம் கிடைக்காது. லாக்_டைப் ஆல் என்று வைத்துப் புரோக்கரின் லாகைத்தான் பார்க்க வேண்டும். அங்கே "டினைடு பப்ளிஷ்" என்ற வரி இருக்கும்.

கோப்பின் அமைப்பும் இடத்தைப் பொறுத்தது. முதல் "யூசர்" வரிக்கு மேலே எழுதும் டாபிக் வரிகள், பெயர் சொல்லாமல் இணைபவர்களுக்கு மட்டும். "யூசர் தோட்டம்" என்று எழுதினால் அதற்குக் கீழே அடுத்த யூசர் வரிவரை உள்ளதெல்லாம் அந்தப் பயனருக்கு. "பேட்டர்ன்" என்று தொடங்கும் வரிகள் எங்கே இருந்தாலும் எல்லாருக்கும் பொருந்தும். அதில் %யூ வரும் இடத்தில் பயனர் பெயரும் %சி வரும் இடத்தில் கிளையன்ட் ஐடியும் நிரப்பப்படும். "பேட்டர்ன் ரீட்ரைட் கருவி/%யூ/#" என்ற ஒரே வரியில் ஒவ்வொரு கருவியையும் அதனதன் கிளைக்குள் அடைத்துவிடலாம். ஐம்பது பலகை வைத்திருப்பவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

சில விநாடிக்கு ஒருமுறை இணைப்பு அறுந்து அறுந்து சேர்கிறது.

லாகில் "ஆல்ரெடி கனெக்டட், குளோசிங் ஓல்டு கனெக்‌ஷன்" என்று இருந்தால் இரண்டு கருவிகள் ஒரே கிளையன்ட் ஐடியைப் பயன்படுத்துகின்றன. ஒரே ஐடியோடு புதியவர் வந்தால் பழையவரை வெளியேற்ற வேண்டும் என்பது நெறிமுறையின் விதி. வெளியேற்றப்பட்டவர் உடனே திரும்பி வந்து மற்றவரை வெளியேற்றுவார். ஒரே நிரலை இரண்டு பலகையில் ஏற்றும்போது இது தவறாமல் நடக்கும். பலகையின் மேக் முகவரியின் கடைசி ஆறு எழுத்தை ஐடியோடு ஒட்டிவிடுங்கள்.

லாகில் "எக்ஸீடட் டைம்அவுட்" என்று இருந்தால் காரணம் வேறு. கிளையன்ட் தான் சொன்ன கீப்அலைவ் (இத்தனை விநாடிக்குள் ஏதாவது அனுப்புவேன் என்ற உறுதி) நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு அமைதியாக இருந்தால் புரோக்கர் அறுத்துவிடும். பப்சப்கிளையன்ட் நூலகத்தின் இயல்பு கீப்அலைவ் 15 விநாடி. அப்படியானால் 22.5 விநாடிதான் கெடு. லூப்புக்குள் டிலே 30000 என்று எழுதியிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அறும். டிலேயை எடுத்துவிட்டு மில்லிஸ் கணக்கில் நேரம் பாருங்கள். நூலகத்தின் லூப் செயற்கூறு அடிக்கடி அழைக்கப்பட வேண்டும்.

டாபிக் பெயரைத் தமிழிலேயே வைக்கலாமா?

வைக்கலாம். டாபிக் என்பது யூடிஎஃப்-8 சரம், புரோக்கருக்கு மொழி பேதமில்லை. இரண்டு இடத்தில் மட்டும் கவனம் தேவை.

ஒன்று, நீளம். தமிழில் ஒவ்வொரு யூனிகோடு குறியீட்டுக்கும் 3 பைட். "மோட்டார்" என்ற ஒரு சொல்லுக்கு 8 குறியீடு, ஆக 24 பைட். பப்சப்கிளையன்ட்டின் இயல்புத் தாங்கல் 256 பைட்தான். தலைப்பகுதி, டாபிக், செய்தி மூன்றும் அதற்குள் அடங்க வேண்டும். மீறினால் பப்ளிஷ் செயற்கூறு ஃபால்ஸ் என்று திருப்பும், அதை யாரும் பார்ப்பதில்லை. உள்ளே வரும் செய்தி பெரிதாக இருந்தால் கால்பேக் அழைக்கப்படவே மாட்டாது. செட்பஃபர்சைஸ் (setBufferSize) கொண்டு 512 அல்லது 1024 ஆக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத பிழை. "மோ" என்ற எழுத்தின் ஓகாரத்தை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். புரோக்கர் பைட் பைட்டாக ஒப்பிடுவதால் அதற்கு இவை இரண்டு வேறு டாபிக். ஒரு விசைப்பலகையில் தட்டியதும் வேறொரு கோப்பிலிருந்து ஒட்டியதும் பொருந்தாமல் போவது இதனால்தான். எல்லா நிரலிலும் டாபிக்கை யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்தவற்றை ஒரே குறியீடாகச் சேர்க்கும் வடிவம்) மாற்றிவிட்டு அனுப்புங்கள்.

க்யூஓஎஸ் 0, 1, 2இல் எதைப் பயன்படுத்த வேண்டும்?

0 என்றால் ஒருமுறை அனுப்புவதோடு சரி. 1 என்றால் ஒப்புகை வரும்வரை வைத்திருந்து மறுபடி அனுப்பும். அதனால் ஒரே செய்தி இரண்டு முறை வந்து சேரலாம். 2 என்றால் நான்கு பாக்கெட் பரிமாற்றத்தில் சரியாக ஒரே முறை.

பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இந்த உறுதி யாருக்கும் யாருக்கும் இடையில் என்பதை. அனுப்புபவருக்கும் புரோக்கருக்கும் இடையில் ஒன்று, புரோக்கருக்கும் பெறுபவருக்கும் இடையில் இன்னொன்று. நீங்கள் 2இல் பப்ளிஷ் செய்தாலும் பெறுபவர் 0இல் சப்ஸ்கிரைப் செய்திருந்தால் அவருக்குப் போவது 0தான். இரண்டில் சிறியதே செல்லும். ஒப்புகை வந்துவிட்டதால் மோட்டார் ஓடிவிட்டது என்று நினைக்கக் கூடாது. புரோக்கர் வாங்கிக்கொண்டது என்பது மட்டுமே அதன் பொருள். மோட்டார் ஓடியதா என்பதை அந்தப் பலகை ஒரு நிலை டாபிக்கில் தானே சொல்ல வேண்டும்.

பத்து விநாடிக்கு ஒருமுறை வரும் வெப்ப அளவுக்கு 0 போதும். கட்டளைக்கு 1 வையுங்கள், இரண்டு முறை வந்தாலும் கெடுதல் இல்லாதபடி கட்டளையை எழுதுங்கள். "மாற்று" என்று அனுப்பினால் இரண்டாவது பிரதி வேலையைத் தலைகீழாக்கிவிடும். "ஆன்", "ஆஃப்" என்று நேராக அனுப்புங்கள். எங்கள் கருத்தில் 2 தேவைப்படும் இடம் மிகக் குறைவு. பப்சப்கிளையன்ட்டால் 0இல் மட்டுமே பப்ளிஷ் செய்ய முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கருவி ஆஃப்லைனில் இருந்தபோது வந்த செய்திகள் திரும்பி வந்ததும் கிடைக்க வேண்டும். எப்படி?

நான்கும் சேர்ந்திருக்க வேண்டும்: மாறாத கிளையன்ட் ஐடி, கிளீன் செஷன் ஃபால்ஸ் (இணைப்பு அறுந்தாலும் உங்கள் சப்ஸ்கிரிப்ஷனைப் புரோக்கர் மறக்காமல் வைத்திருப்பது), க்யூஓஎஸ் 1 அல்லது 2இல் சப்ஸ்கிரைப், அதேபோல 1 அல்லது 2இல் பப்ளிஷ். ஒன்று குறைந்தாலும் வரிசையில் நிற்காது. மஸ்கிட்டோ ஒரு கிளையன்ட்டுக்கு இயல்பாக 1000 செய்திகள்வரை வைத்திருக்கும். மேற்கொண்டு வருவதைக் கைவிட்டுவிடும். மேக்ஸ்_க்யூட்_மெசேஜஸ் வரியில் இதை மாற்றலாம்.

ஐடியைச் சீரற்ற எண்ணாக உருவாக்கிக்கொண்டே கிளீன் செஷனை ஃபால்ஸ் ஆக்காதீர்கள். ஒவ்வொரு இணைப்பும் ஒரு அநாதை செஷனை விட்டுச்செல்லும், அத்தனைக்கும் புரோக்கர் செய்தி சேர்த்துக்கொண்டே இருக்கும். நினைவகம் மெல்ல ஏறுகிறது என்று வரும் புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. பெர்சிஸ்டன்ட்_கிளையன்ட்_எக்ஸ்பிரேஷன் 14டி என்று வைத்தால் இரண்டு வாரம் வராதவை நீக்கப்படும்.

கரண்ட் போய் வந்ததும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கிவிட்டது. யாரும் தொடவில்லை.

கட்டளை டாபிக்கில் ரீடெய்ன் கொடி வைத்து யாரோ "ஆன்" என்று பப்ளிஷ் செய்திருக்கிறார்கள். ரீடெய்ன் வைத்த செய்தியைப் புரோக்கர் அந்த டாபிக்குக்கு ஒன்று என்ற கணக்கில் சேமித்து வைத்து, புதிதாக சப்ஸ்கிரைப் செய்யும் ஒவ்வொருவருக்கும் உடனே தரும். கரண்ட் வந்ததும் பலகை எழுந்து, இணைந்து, சப்ஸ்கிரைப் செய்கிறது. நேற்று மாலை நான்கு மணிக்குத் தந்த "ஆன்" இப்போது தந்ததுபோல வந்து விழுகிறது. கிணற்றில் நீர் இருக்கிறதா என்று பார்க்க ஆள் இல்லாத நேரத்தில் வறண்ட கிணற்றில் பம்ப் ஓடினால் சீல் கருகும்.

இந்த விதியை உறுதியாகப் பிடியுங்கள்: கட்டளைக்கு ரீடெய்ன் வேண்டாம், நிலைக்கு ரீடெய்ன் வேண்டும். "தோட்டம்/மோட்டார்/கட்டளை" ரீடெய்ன் இல்லாமல், "தோட்டம்/மோட்டார்/நிலை" ரீடெய்னோடு. அப்போதுதான் கைபேசி செயலியைத் திறந்தவுடன் இப்போதைய நிலை தெரியும், பழைய கட்டளையும் மீண்டும் உயிர்பெறாது.

கட்டளையை வரிசையில் நிற்க வைப்பதும் அதே ஆபத்துதான். மேலே சொன்ன கிளீன் செஷன் ஃபால்ஸ் அமைப்பை மோட்டார் பலகைக்கு வைத்தால், ஆஃப்லைனில் இருந்தபோது குவிந்த ஆன், ஆஃப், ஆன் எல்லாம் திரும்பியதும் வரிசையாக வந்து ரிலேயைத் தட்டும். மோட்டார் பலகைக்குக் கிளீன் செஷன் ட்ரூ என்று வையுங்கள். எம்க்யூடிடி 5 ஆதரிக்கும் நூலகம் என்றால் கட்டளைக்கு 10 விநாடி காலாவதி வைக்கலாம். இதையெல்லாம் செய்தாலும், நீர்மட்டம் குறைந்தால் நிறுத்தும் வேலையைப் பலகையே அந்த இடத்திலேயே செய்ய வேண்டும். நெட்வொர்க்கை நம்பி அதை விடாதீர்கள்.

ஏற்கெனவே ஒட்டிக்கொண்ட ரீடெய்ன் செய்தியை நீக்க, அதே டாபிக்கில் வெற்றுச் செய்தியை ரீடெய்னோடு அனுப்பினால் போதும். மஸ்கிட்டோ_பப்பில் -ஆர் -என் இரண்டும் சேர்த்துப் போடுங்கள்.

கருவி செத்துவிட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

லாஸ்ட் வில். இணையும்போதே "நான் சொல்லாமல் போனால் இந்த டாபிக்கில் ஆஃப்லைன் என்று போடு" என்று புரோக்கரிடம் கொடுத்து வைப்பது. அதை ரீடெய்னோடு வையுங்கள். இணைந்த உடனே அதே டாபிக்கில் "ஆன்லைன்" என்று ரீடெய்னோடு பப்ளிஷ் செய்யுங்கள். கீப்அலைவ் 60 என்றால் வயரைப் பிடுங்கியபின் செய்தி வர 90 விநாடிவரை ஆகும். டிஸ்கனெக்ட் சொல்லி முறைப்படி விலகும் கிளையன்ட்டுக்கு வில் அனுப்பப்படாது, அப்போது விலகும் முன் "ஆஃப்லைன்" என்று நிரலே எழுத வேண்டும்.

அடிக்கடி மின்வெட்டு. ரீடெய்ன் செய்திகள் சில காணாமல் போகின்றன.

மஸ்கிட்டோ எல்லாவற்றையும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பெர்சிஸ்டன்ஸ் ட்ரூ என்று இருந்தால் 1800 விநாடிக்கு ஒருமுறை வட்டில் எழுதுகிறது. சர்வீஸை முறையாக நிறுத்தினாலும் எழுதும். திடீரென்று கரண்ட் போனால் கடைசி அரை மணி நேர மாற்றம் போச்சு. ஆட்டோசேவ்_இன்டர்வல் 300 என்று குறைக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் முழுக் கோப்பையும் எழுதுவதால், எஸ்டி கார்டில் ஓடும் ராஸ்பெர்ரி பையில் மிகவும் குறைப்பது கார்டின் ஆயுளைத் தின்னும். யூஎஸ்பி எஸ்எஸ்டியும் ஒரு சிறு யூபிஎஸ்ஸும் வைத்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது.

கரண்ட் போனபின் சர்வீஸ் எழவில்லை, லாகில் டேட்டாபேஸ் பற்றிப் பிழை இருக்கிறது என்றால் வார்/லிப்/மஸ்கிட்டோ கோப்புறையில் உள்ள மஸ்கிட்டோ.டிபி கோப்பை வேறு பெயருக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். ரீடெய்ன் செய்திகளும் செஷன்களும் போய்விடும், புரோக்கர் எழுந்துவிடும்.

பைத்தானில் எம்க்யூடிடிக்கான பாஹோ நூலகம் திடீரென்று பிழை தருகிறது.

2024இல் வந்த பாஹோ 2.0இல் கிளையன்ட் உருவாக்கும்போது கால்பேக் ஏபிஐ பதிப்பை முதல் மதிப்பாகத் தர வேண்டும் என்று மாற்றினார்கள். பழைய நிரலை உடனே ஓட வைக்க வெர்ஷன்1 என்று தரலாம். புது நிரலை வெர்ஷன்2இல் எழுதுங்கள்.

சப்ஸ்கிரைப்பை ஆன்_கனெக்ட் கால்பேக்குக்குள் வையுங்கள். வெளியே வைத்தால் இணைப்பு அறுந்து சேரும்போது சப்ஸ்கிரிப்ஷன் திரும்ப வராது. பப்ளிஷ் செய்த அடுத்த வரியிலேயே ஸ்கிரிப்ட் முடிந்துவிட்டால் செய்தி வயருக்குள் போகாமலே செத்துவிடும். லூப்_ஸ்டார்ட் போட்டு, வெயிட்_ஃபார்_பப்ளிஷ் அழைத்துவிட்டு முடியுங்கள்.

டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கம் செய்வது) போட்டதும் சர்வீஸ் எழவில்லை.

போர்ட் 8883இல் தனி லிசனர் எழுதி அதற்குக் கீழே சர்ட்ஃபைல், கீஃபைல் வரிகளைத் தருவீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட் தரும் தனிச்சாவியை ரூட் மட்டுமே படிக்க முடியும். 1.x பதிப்பு ரூட்டாக இருக்கும்போதே சாவியைப் படித்துவிட்டுப் பிறகு பயனரை மாற்றிக்கொள்ளும். 2.0 முதலில் பயனரை மாற்றிக்கொண்டு பிறகு படிக்கிறது. அதனால் அனுமதி மறுக்கப்படுகிறது. அந்தக் கோப்புறையின் அனுமதியைத் தளர்த்தாதீர்கள். சான்றிதழ் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் சாவியையும் சான்றிதழையும் எட்சி/மஸ்கிட்டோ/சர்ட்ஸ் கோப்புறைக்கு நகலெடுத்து, உரிமையை மஸ்கிட்டோ பயனருக்கு மாற்றி, ரீலோட் செய்யும் சிறு ஸ்கிரிப்டை செர்ட்பாட்டின் டிப்ளாய் ஹுக்கில் வையுங்கள். ரீலோடிலேயே புதுச் சான்றிதழ் ஏற்றப்படும், ரீஸ்டார்ட் வேண்டாம். ஹுக் இல்லையென்றால் 90 நாளில் எல்லாக் கருவியும் ஒரே நேரத்தில் விழும்.

இஎஸ்பி32 மட்டும் இணைய மறுக்கிறது, கணினியிலிருந்து இணைகிறது என்றால் பலகையின் கடிகாரத்தைப் பாருங்கள். எழுந்தவுடன் அதன் கடிகாரம் 1970இல் நிற்கும். சான்றிதழின் தேதியை அது சரிபார்த்தால், இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று நினைக்கும். என்டிபியில் நேரம் வாங்கிவிட்டுப் பிறகு இணையுங்கள்.

வீட்டில் இருக்கும் புரோக்கரை வெளியூரிலிருந்து அணுக வேண்டும். ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டு செய்தும் வரவில்லை.

ரூட்டரின் வேன் (WAN, இணையப் பக்க) முகவரியைப் பாருங்கள். அது 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்கு (பல வாடிக்கையாளர்கள் ஒரு பொது ஐபியைப் பகிரும் ஏற்பாடு) பின்னால் இருக்கிறீர்கள். உங்களுக்கெனப் பொது ஐபி இல்லை, ஃபார்வர்டு செய்து பயனில்லை. வயர்கார்டு விபிஎன்னோ, வாடகை விபிஎஸ்ஸில் ஒரு மஸ்கிட்டோவும் அதற்கு வீட்டிலிருந்து பிரிட்ஜ் (இரண்டு புரோக்கர்களுக்கு இடையிலான) இணைப்புமோ வைக்கலாம். பிரிட்ஜை வீட்டுப் பக்கம் எழுதினால் இணைப்பு உள்ளிருந்து வெளியே போகும், சிஜிநாட் குறுக்கே நிற்காது. பிரிட்ஜில் எல்லா டாபிக்கையும் இரு திசையிலும் திறந்துவிடாதீர்கள். அளவீடுகளை வெளியே மட்டும், கட்டளைகளை உள்ளே மட்டும் என்று பிரியுங்கள்.

பொது ஐபி கிடைத்தாலும் 1883ஐ நேராக இணையத்தில் திறக்க வேண்டாம். அந்தப் போர்ட்டில் கடவுச்சொல் வெறும் எழுத்தாகவே பயணிக்கும்.

உலாவியிலிருந்து இணைய முடியுமா?

வெப்சாக்கெட் வேண்டும். லிசனர் 9001, அதன் கீழே புரோட்டோகால் வெப்சாக்கெட்ஸ். இந்தப் போர்ட்டில் சாதாரண எம்க்யூடிடி கிளையன்ட் இணையாது. உங்கள் பக்கம் எச்டிடிபிஎஸ்ஸில் இருந்தால் மறையாக்கம் இல்லாத வெப்சாக்கெட்டை உலாவி தடுத்துவிடும், டிஎல்எஸ்ஸோடுதான் வைக்க வேண்டும்.

எத்தனை கருவிகள் வரை தாங்கும்?

வீட்டுக்கோ ஒரு சிறு ஆலைக்கோ ராஸ்பெர்ரி பை தாராளம். முதலில் இடிப்பது சிபியூ அல்ல, கோப்பு வரம்புதான். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டர் செலவாகும், லினக்ஸின் வழக்கமான வரம்பு 1024. ஆயிரத்தை நெருங்கும்போது புதியவர்கள் நுழைய முடியாமல் போனால் சிஸ்டம்சிடிஎல் எடிட் மஸ்கிட்டோ என்று தட்டி, சர்வீஸ் பகுதியில் LimitNOFILE=20000 என்று (எழுத்து வடிவம் இப்படியே) எழுதி ரீஸ்டார்ட் செய்யுங்கள். மஸ்கிட்டோ 2.0 ஒரே த்ரெட்டில் ஓடுவதால் கோர் எண்ணிக்கையை ஏற்றிப் பயனில்லை. பல சர்வர்களைச் சேர்த்துக் கிளஸ்டராக நடத்த வேண்டிய அளவு வந்துவிட்டால் ஈஎம்க்யூஎக்ஸ், வெர்ன்எம்க்யூ பக்கம் போக வேண்டும்.

என்ன கோளாறு என்றே தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

சர்வீஸை நிறுத்திவிட்டு, மஸ்கிட்டோ -சி என்று முதன்மைக் கன்ஃபிக்கின் பாதையைக் கொடுத்து, கடைசியில் -வி சேர்த்து முன்னணியில் ஓட்டுங்கள். ஒவ்வொரு இணைப்பும் சப்ஸ்கிரைப்பும் பப்ளிஷும் கண்முன்னே ஓடும். இன்னொரு டெர்மினலில் 127.0.0.1க்கு மஸ்கிட்டோ_சப்பை '#' டாபிக்கோடும் -வி ஆப்ஷனோடும் விடுங்கள். மூன்றாவதில் மஸ்கிட்டோ_பப்பால் ஒரு செய்தி அனுப்புங்கள். இது வந்தால் புரோக்கர் நலம். பிறகு அதே இரண்டையும் வேறு கணினியிலிருந்து செய்யுங்கள். அதுவும் வந்தால் நெட்வொர்க் நலம், உங்கள் நிரலைத் திறங்கள். # என்பது $ குறியில் தொடங்கும் டாபிக்குகளைக் காட்டாது. புரோக்கரின் சொந்தப் புள்ளிவிவரம் வேண்டுமானால் '$SYS/#' என்று தனியாக சப்ஸ்கிரைப் செய்யுங்கள், 10 விநாடிக்கு ஒருமுறை வரும். இணைந்திருப்போர் எண்ணிக்கையும் கைவிடப்பட்ட செய்திகளின் எண்ணிக்கையும் அதில் இருக்கும். கைவிடப்பட்டவை ஏறிக்கொண்டே போனால் ஏதோ ஒரு கிளையன்ட்டின் வரிசை நிரம்பி வழிகிறது.